இழுவைக் கொக்கி

இருபத்தியோராவது முறை ஆயில் மாற்றிப்
பன்னிரண்டே நாள்.
வொருவிலிருந்து பொல்வா போகும் சாலையில்
பனி பாதி கரைந்து, பாதி சேறாகிக் கிடந்த மார்ச் மாதத்தில்
எண்ணெய்க் குப்பியும் அதன் மூக்கில் ஒரு சொட்டுமாகச்
சிவப்பு விளக்கு எரிந்தது.

நம்பவில்லை.
நம்பாமல் ஓட்டியது நாலு விநாடி இருக்கும்.
அதற்குள் பானட்டுக்கு அடியில்
ஆணி நிறைந்த டப்பாவை யாரோ குலுக்கத் தொடங்கினார்கள்.
பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.
ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது.
ஓரங்கட்டினேன்.
பிர்ச் மரங்கள். மின்கம்பத்தின் மேல்
நாரை இன்னும் திரும்பாத கூடு.
இரும்பு ஆறுகிற டிக், டிக்.

அளவுகோலை உருவித் துடைத்துச் செருகி
மறுபடி உருவினேன்.
ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே
நான் ஊற்றியபடியே நின்றது.

டாஷ்போர்டு அறையில் நீல நோட்டு.
தேதி, கிலோமீட்டர், செய்தது, ரசீது எண்.
கம்பெனி பதினைந்தாயிரத்துக்கு ஒருமுறை என்றது,
நான் பத்தாயிரத்துக்கு ஒருமுறை.
டைமிங் பெல்ட்டை ஒரு வருடம் முன்னதாகவே மாற்றினேன்.
டர்போ ஆற வேண்டுமென்று
எஞ்சினை அணைக்குமுன் ஒரு நிமிடம் காத்திருப்பேன்,
அந்த ஒரு நிமிடத்துக்குள் என் மகள் பிரெத்
அன்றைய பெருமூச்சுகள் அத்தனையும் விட்டு முடிப்பாள்.
சாட்சியை உட்கார வைப்பதுபோல்
நோட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
வழக்கை யாரிடம் சொல்வது?

அப்போது பார்த்து ஆஹ்தோ வந்தான்,
அடுத்த வீட்டுக்காரன்.
காருக்கு ஒரு கதவு வேறு நிறம்.
கண்ணாடியைத் தூண்டில் நரம்பு பிடித்திருக்கிறது,
சைலன்சரைக் கம்பி.
ஆயில் எப்போது மாற்றினாய் என்று கேட்டால்
"குறைந்தால் ஊற்றுவேன், மாற்றுவதில்லை" என்பான்.
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
நான் அவனுக்கு எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன்!
கரும்புகை அடங்கும்வரை பொறுத்திருந்து இறங்கினான்.
அவன் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்துக்காக
முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"கொக்கி எங்கே?"
அவ்வளவுதான் கேட்டான்.

தெரியும். ஸ்டெப்னிக்கு அடியில்
தொழிற்சாலைக் காகிதம் பிரிக்காமல் இருந்தது.
இந்தக் காரில் நான் ஒருநாளும் கவனிக்காத பொருள்
அது ஒன்றுதான். புத்தம் புதிதாய் மின்னியது.
வலப்பக்கம் திருகிப் பார்த்து விழித்தான்.
"இடப்பக்கம்" என்றேன்.
எனக்கு அதாவது தெரிந்திருந்தது.

பதினெட்டு கிலோமீட்டர்.
கயிறு தொய்ந்தால் வெட்டி இழுக்கும்,
இறுகிவிட்டால் பிரேக் பிடிக்கப் பயம்.
அவனுடைய ஒற்றைப் பிரேக் விளக்கை மட்டும் பார்த்தபடி
அவன் புகையைக் குடித்தபடி போனேன்.
ஒன்பது வருடத்தில் இவ்வளவு கவனமாக
நான் கார் ஓட்டியதே இல்லை,
அதுவும் ஓடாத காரை.

மூன்றாம் நாள் மெக்கானிக் ரைவோ
என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்.
விரல் நீளத்துக்கு ஒரு கம்பி.
ஆயில் பம்பைச் சுழற்றுவது இதுதானாம்.
நுனியில் ஆறு பட்டை இருந்திருக்க வேண்டும்.
தேய்ந்து தேய்ந்து
உருண்டையாகியிருந்தது, கூழாங்கல் மாதிரி.
"நல்ல ஆயில், போதுமான ஆயில்.
மேலே ஏற்றத்தான் ஆளில்லை.
இதை எந்த அட்டவணையிலும் போடுவதில்லை.
உங்கள் தப்பில்லை."

தப்பென்றால் அடுத்த பக்கத்தில் சரிசெய்திருப்பேன்.
தப்பில்லை என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
வேறு எஞ்சின் விலையைச் சொன்னான். கேட்டுக்கொண்டேன்.
அந்தக் கம்பியைத் திருப்பிக் கொடுக்க மறந்து
கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு நோட்டைத் திறந்து
கிலோமீட்டர் 2,14,630 என்று எழுதினேன்.
செய்தது: இழுக்கப்பட்டது.
ரசீது எண்: இல்லை. கயிறு ஆஹ்தோவுடையது.

ஷெட்டில் மிச்சமிருந்த ஆயில் கேனை
வேலிக்கு மேலாக அவனிடம் நீட்டினேன்,
வகுப்பு எதுவும் எடுக்காமல்.
நன்றி என்று வாங்கிக்கொண்டான்.

மறுவாரம்
அவன் வீட்டுக் கேட்
சத்தமே இல்லாமல் திறந்தது.